மூன்று மாதம் கேரம் ஆடவில்லை

இருபத்தெட்டு வருடமாக ராயபுரத்துப் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறேன். கேரம் ஆடுவது அதற்கும் முன்பிருந்தே. டீச்சர் வேலை சோறு போடுகிறது. கேரம் இல்லாவிட்டால் அந்த வேலையை என்றைக்கோ விட்டு ஓடியிருப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாம் வகுப்பைச் சமாளித்தவர்களுக்கு இது புரியும்.

எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட ஒரு கேரம் கிளப் இருக்கிறது. ஜோடி ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்காருபவர் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா. இருபது வருட ஜோடி. எங்களிடம் தோற்பது அங்கே ஆண்களுக்கு மானப் பிரச்சினை. வாரம் இரண்டு முறையாவது மானம் போகும்.

போன வருடம் ஒருநாள், கரும்பலகையில் எழுதும்போது என் வலது கை நடுங்கியது. அடுத்த நாளும் நடுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பாவுக்கும் நடுக்குவாதம் இப்படித்தான் வலது கையில் ஆரம்பித்தது. கடைசி ஆறு வருடம் அவருக்கு நாங்கள்தான் ஊட்டிவிட்டோம்.

வகுப்பில் மறைப்பது சுலபம். "வாம்மா, நீ எழுது" என்று பிள்ளைகள் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். மாணவர்களுக்கு நல்ல வாய்ப்புத் தருகிறேன் என்று தலைமையாசிரியை என்னைப் பாராட்டினார். வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

கிளப்பில் மறைக்க வழியில்லை. கேரம் ஆடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் பார்ப்பார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். மூன்று மாதம். சாயங்காலமானால் வீட்டில் உட்கார்ந்து என் கையையே முறைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா டீச்சரே, மூணு மாசமா திருத்திகினு கீற? மெட்ராஸ் பேப்பரு மொத்தத்தையும் உன்னாண்டயே குடுத்துட்டாங்களா?"

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கைய காட்டு. கடைசியா ஆடுன அன்னிக்கே பாத்தேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

காட்டினேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். "டாக்டர் வாயால சொல்லிட்டா அது நிஜமாயிடும்க்கா."

"சொல்லலன்னா மட்டும் வுட்டுட்டுப் போயிடுமா? நாளைக்குக் காலைல கெளம்பி நில்லு."

மறுநாள் அவர் கடை போடவில்லை. டாக்டர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். அப்பாவின் நோயைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, படபடப்பு உண்டா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் உண்டு. கவலையால் என்று நானே முடிவு செய்திருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

"தைராய்டு அதிகமா சுரக்குதும்மா. உங்க அப்பாவுக்கு வந்த நோய் இது இல்ல. மாத்திரை போட்டா நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமா போயிடும்."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். தனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "இதுக்கா மூணு மாசம் என்ன பேஜாரு பண்ண?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். கடையில் நல்ல கூட்டம். என் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எல்லோரும் பார்க்க அதே கையை நீட்டித்தான் டம்ளரை வாங்கினேன். பாதி டீ என் புடவையில் கொட்டியது. மீதியை நிதானமாகக் குடித்தேன்.