மூன்று பத்துக்குக் கேட்ட கரண்டிச் சத்தம்

பேய் என்றால் அமாவாசை, நடுநிசி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு கதை தேடிக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. போன மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று பத்து. உர்சுலாவுக்குப் பொய் சொல்ல வராது. சர்ச்சில் பத்து வருஷமாக அவருக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவன் நான். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

உர்சுலாவுக்கு ஒரே தம்பி, கிளாரன்ஸ். வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாக அவனுக்குக் காதில் குரல்கள் கேட்கும். பேய் பிடித்திருக்கிறது என்று சிலர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். டாக்டர் வியாதி என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரைதான் அவனை மனுஷனாக நடமாட வைத்தது. கூடவே சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது. ஒரு வருஷமாகக் காலையில் இன்சுலின் ஊசி. பயந்துபோன உர்சுலா, தம்பியோடு குடியிருந்த செங்காங் அடுக்குமாடி வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்துவிட்டார். அவசரத்துக்குக்கூட ஒரு மிட்டாய் கிடையாது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது அவருக்குத் தெரியாது.

குரல் கேட்கிறது என்று தம்பி சொன்னால் வாதாடக் கூடாது, நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. மூன்று வாரமாக நோட்டில் ஒரே வரி. '3.10. ஓர் ஆள். எழுப்பு, சீனித் தண்ணி குடு என்கிறார்.' திங்கட்கிழமை நோட்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டினால் மனநல வார்டில் சேர்த்துவிடுவார்கள்.

"எழுதாதக்கா. இது பழைய குரல் இல்ல. இது வெளியில இருந்து வருது."

"டாக்டர் சொல்லிட்டார். எழுதித்தான் ஆகணும்."

வெள்ளிக்கிழமை காலையும் இதே சண்டை. கிளாரன்ஸ் ஊசி போட்டுக்கொண்டான். ரொட்டியைத் தொடவில்லை. "அப்புறம் சாப்பிடறேன்லா," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். உர்சுலாவும் கோபமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

வேலை ஜாலான் புசாரில், ஒரு பழைய கடைவீட்டு மாடியில். மனநோய்க்கு அந்தக் காலத்திலிருந்து என்னென்ன வைத்தியம் செய்தார்கள் என்று ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. பொறுப்பு அமீரா என்ற இளம்பெண். மூடிப்போன ஒரு மருத்துவமனையின் நோயாளி அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது உர்சுலாவின் வேலை. சங்கிலி, பச்சைத் தண்ணீர்த் தொட்டி, மின்சாரம் என்று அட்டைக்கு அட்டை ஒரு வைத்தியம். அன்று காலை பதினொன்றுக்குத்தான் புதுப் பெட்டி ஒன்றின் அரக்கு முத்திரையை உடைத்தார்கள்.

2.50. "ஆண்ட்டி, அச்சகம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்று அமீரா இறங்கிப் போனாள்.

3.00. உர்சுலா கீழே வாங்கிவந்த கோப்பியை ஒரு வாய் குடித்தார். கோப்பி ஓ கோசோங், அதாவது சீனியே போடாதது. ஆனால் பாகு மாதிரித் தித்தித்தது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று தள்ளி வைத்தார்.

3.04. அடுத்த அட்டை. பெயர் சேவியர். துறைமுகக் கூலி. வருஷம் 1953. சிகிச்சை, இன்சுலின் மயக்கம். ஊசி போட்டு ரத்தத்தில் சீனியை இறக்கி மயங்க வைப்பார்கள். பிறகு சீனிக் கரைசல் கொடுத்து எழுப்புவார்கள். மூளை தெளியும் என்று நம்பினார்கள். மத்தியானத்தில் மயக்கம் திரும்பவும் வரலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

3.08. மின்விசிறி நின்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பின்னால் குறட்டைச் சத்தம். கனமாக... இழுத்து இழுத்து...

திரும்பினார். அமீராவின் நாற்காலி காலி.

3.10.

கிளிங்... கிளிங்... யாரோ தம்ளரில் கரண்டியால் கலக்கினார்கள்.

"எழுப்பு..."

காதுக்குள்.

"சீனித் தண்ணி குடு... எழுப்பு..."

ஊசி. தொடாத ரொட்டி. கிளாரன்ஸ்!

தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமாவைக் கூப்பிட்டார். ஹலீமாவிடம்தான் இன்னொரு சாவி.

"சீனி எடுத்துட்டு ஓடுங்க, ஹலீமா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

கிளாரன்ஸ் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உர்சுலா ஹலீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"நீங்க சீனி கொடுக்கலைன்னா என் தம்பி போயிருப்பான்."

"நான் எங்க கொடுத்தேன்? நான் போறப்பவே உதட்டுல ஈரமா சீனி. கட்டில்கிட்ட தம்ளர், கரண்டி எல்லாம் இருந்துச்சு. நீங்கதான் கலக்கி வச்சிட்டுப் போனீங்கன்னு நெனச்சேன்."

"வாசல் கேட்டு?"

"வெளிய பூட்டிதான் இருந்துச்சு. நான்தான் திறந்தேன்."

சனிக்கிழமை உர்சுலா ஜாலான் புசாருக்குப் போய் சேவியரின் அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். 'பிற்பகல் 3.10, மரணம். மறுமயக்கம். அருகில் ஆள் இல்லை. கடைசி நாட்களில் புரியாத மொழியில் ஒன்றையே கத்திக்கொண்டிருந்தார்.' அந்தச் சத்தத்தை யாரோ ஆங்கில எழுத்தில் கேட்டபடியே எழுதி வைத்திருந்தார். சீனித் தண்ணி.

எழுபது வருஷத்துக்கு மேல் முத்திரை உடையாத பெட்டி அது. நோட்டில் கிளாரன்ஸின் முதல் வரி, அதை உடைப்பதற்கு மூன்று வாரம் முந்தியது.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டார். "குரல் இன்னும் கேட்குதா?"

"இல்ல டாக்டர். வெள்ளிக்கிழமையோட நின்னுடுச்சு," என்றான் கிளாரன்ஸ்.

"நோட்டு கொண்டு வந்தீங்களா?"

"மறந்துட்டேன்," என்றார் உர்சுலா. அவர் சொன்னதாக நான் அறிந்த ஒரே பொய் அதுதான். நோட்டு கைப்பையில்தான் இருந்தது. கடைசி வரியை நானும் பார்த்தேன்.

'ஞாயிறு, 3.10. இந்த முறை ஒரு பெண். எழுப்பு என்கிறாள். தம்பிக்குக் கேட்கவில்லை. எனக்கு.'