அம்மா போகாத மலை

புதுக் கித்தான் துணிக்கு ஒரு மணம் உண்டு. மழையில் நனைந்த சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்தது போல இருக்கும். என் பத்தாவது வயதின் கோடை முழுவதும் காட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த மணம்தான் நிறைந்திருந்தது. கூடவே, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கம்பளிச் சட்டையின் "அந்துருண்டை" வாசமும். மின்விசிறிக் காற்றே அனலாக வீசும் திருச்சி வெயிலில், என் அம்மா தரையில் பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் கம்பளிக் காலுறைகளையும் "குரங்குக் குல்லா"வையும் கையுறைகளையும் வரிசையாகப் பரப்பி, நடுவில் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருப்பாள்.

அம்மா மன்னார்புரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் "பி.டி. டீச்சர்". புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவள். அதே பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்த ஸ்டெல்லா மிஸ் அவளுடைய ஒரே தோழி. பாலக்கரையில் மாதாகோயிலுக்குப் பின்னால் வீடு. ஆசிரியர்களை இமயமலைக்கு அழைத்துப்போய்ப் பத்து நாள் மலையேற வைக்கும் முகாம் ஒன்று இருப்பதாக ஸ்டெல்லா மிஸ்தான் எங்கிருந்தோ ஒரு தாளைக் கொண்டுவந்தார். அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதைப் பற்றி யாரிடமும் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, குழம்பு ஊற்றியபடியே, "நான் போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசாதவர். "பத்து நாள்தானே, போயிட்டு வா. நானும் பாப்பாவும் சமாளிச்சுக்கறோம்" என்றார். அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூட்டை கட்டும் வேலை தொடங்கியது. மலையேறிகள் முதுகில் மாட்டும் பை அப்போது எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. அம்மா ஒரு நோட்டுத்தாளில் படம் வரைந்து, காந்தி மார்க்கெட் அருகே ஆட்டோக்களுக்கு மேற்கூரை தைக்கிறவரிடம் கொடுத்தாள். அவர் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "இதுல என்னாத்தம்மா தூக்கப்போறீங்க?" என்று கேட்டார். "வீட்டை" என்றாள் அம்மா சிரித்துக்கொண்டே. அவர் தனக்குத் தெரிந்த அளவில், இடுப்புக்கு ஒரு வாரும் தோளுக்கு இரண்டு வாரும் வைத்து, பச்சைக் கித்தானில் ஒரு பை தைத்துக் கொடுத்தார்.

பத்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. எனவே எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் பையை நிறுத்துப் பார்ப்பது மாலை நேரத்து வழக்கமாகிவிட்டது. முதல் முறை பதினான்கு. அம்மா பெரிய துவாலையை எடுத்துவிட்டுச் சீக்கிரம் உலரும் ஈரிழைத் துண்டை வைத்தாள். சோப்பைக் கத்தியால் பாதியாக வெட்டினாள். அப்பா தன் இரும்பறுக்கும் ரம்பத்தால் பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூட அறுத்துக் கொடுத்தார். தீப்பெட்டிக் குச்சிகள் நனையாமல் இருக்க பிலிம்ரோல் டப்பாவுக்குள் போயின. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் சுக்குத்தூளும் பாலிதீன் கவருக்குள் இன்னொரு கவர் போட்டுக் கட்டப்பட்டன. "கனமானது முதுகை ஒட்டி இருக்கணும், லேசானது அடியில, மழைக்கு வேண்டியது மேல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுக்கியதை எல்லாம் கலைத்து மறுபடி முதலிலிருந்து அடுக்குவாள். பள்ளி மைதானத்தில் விசிலடித்து எல்லாரையும் ஓட வைக்கிறவள், தான் ஓடப்போகிற பிள்ளையின் முகத்தோடு அந்தப் போர்வைமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் அப்படி ஒரு முகம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது பிடிக்கவும் இல்லை. அந்த முகத்தில் எனக்கு இடமில்லாதது போலத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு, விடிந்ததும் பஸ் ஏறி, மெயின்கார்டு கேட்டில் இறங்கி, அம்மாவும் ஸ்டெல்லா மிஸ்ஸும் மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்குவார்கள். நானும் பின்னாலேயே ஏறுவேன். படிக்கட்டில் பூ விற்றவர் ஒருநாள், "என்னம்மா, அரிசி மூட்டையைச் சுமந்து ஏறறது நேர்த்திக்கடனா?" என்று கேட்க, அம்மா மூச்சு வாங்கியபடி "ஆமாங்க, ரொம்ப நாள் கடன்" என்றாள். பிறகு காவிரிப் பாலத்தில் நடந்து ஸ்ரீரங்கத்துக்குப் போவோம். அங்கே காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் சாலையில் அப்பாவின் அக்கா, என் அத்தை, குடியிருந்தார். அவர் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்புவது வழக்கம்.

அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார். "ஏம்மா கமலா, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை? ஏறணும்னா நம்ம ஊர்லயே மலை இருக்கு, சாமியும் இருக்கு" என்பார். அம்மா, "பத்து நாள்தான் அண்ணி" என்று சொல்லிச் சட்னியை எடுத்துப் போட்டுக்கொள்வாள். கடைசி ஞாயிறன்று அம்மா கை கழுவப் போன நேரத்தில், அத்தை என் தட்டில் இன்னொரு இட்லியை வைத்து, "உங்கம்மா அங்கேயே சாமியாராப் போயிட்டா என்னடி பண்ணுவ? பனியில போனவங்க எல்லாரும் திரும்பியா வர்றாங்க?" என்று சொல்லிச் சிரித்தார். விளையாட்டுதான். நான் அந்த இட்லியை அப்படியே தட்டில் விட்டுவிட்டு எழுந்தேன்.

அதற்கு மறுநாள்தான் அம்மா பையின் மேல் ஜேபியில் என் புகைப்படத்தை வைப்பதைப் பார்த்தேன். பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த, காதோரம் ரிப்பன் தெரியும் சின்னப் படம். அதையும் நனையாமல் கவரில் சுற்றி வைத்தாள். திரும்பி வருகிறவர்கள் எதற்குப் படத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று யோசித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பாள்; இந்தக் கட்டுரைக்கும் தேவை இருந்திருக்காது.

புறப்படும் நாள் வந்தது. சாயங்காலம் ரயில். மதியம் அம்மா தலைக்குக் குளித்து, புதிதாகத் தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்று பார்த்தாள். நான் தரையில் படுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. எந்தப் பக்கம் வலிக்கும், எப்படி வலிக்கும் என்று அவள் எங்களுக்கெல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்ன இடத்திலேயே எனக்கும் வலித்தது. அவள் அழுத மாதிரியே நானும் அழுதேன். அம்மா முதலில் சுக்குத்தண்ணீர் கொடுத்தாள். நான் அதை வாந்தி எடுத்தேன். விரலைத் தொண்டைக்குள் விட்டால் வாந்தி வரும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த அரைமணி நேரத்தில் ஆட்டோவில் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

வயிற்றை அழுத்திப் பார்த்த டாக்டர், "ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம், கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று கட்டிலில் படுக்க வைத்தார். நான் அம்மாவின் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஷிப்டிலிருந்து நேராக வந்தார். "நீ கிளம்பு கமலா. நான் இருக்கேன்ல" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அவளை வெளியே அழைத்துப் பேசினார். திரும்பி வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தாள். என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜங்ஷனுக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா மிஸ் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவர் தோளில் யாரிடமோ இரவல் வாங்கிய நீலப் பை. "இன்னும் நேரமிருக்கு கமலா. வாயேன்" என்றார். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பாவை வீட்டுக்கு அனுப்பி எடுத்துவரச் சொன்ன சுக்குத்தூளையும் குரங்குக் குல்லாவையும் அவரிடம் கொடுத்து, "ராத்திரி காதை மூடிக்கோ ஸ்டெல்லா, உனக்குக் குளிர் ஆகாது" என்றாள். ஸ்டெல்லா மிஸ் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். எனக்கு எந்த வலியும் இல்லை. அம்மா அதே போர்வையை விரித்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கம்பளிச் சட்டையைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாள். புளிக்காய்ச்சலைச் சமையலறை டப்பாவில் கொட்டினாள். ஒரு வாரம் அதைத்தான் சாப்பிட்டோம். கைப்பிடி அறுத்த பிரஷால் மழைக்காலம் வரும்வரை பல் துலக்கினாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லா மிஸ் முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்துத் திரும்பி வந்தார். படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, எதையும் பெரிதுபடுத்திச் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டவர் போல, "ஒரே கல்லும் பனியும்தான் கமலா, பெருசா ஒண்ணுமில்ல" என்றார். அம்மா ஒவ்வொரு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "காலுறை ரெண்டு ஜோடி போதுமா இருந்துச்சா?" என்று கேட்டாள். "தண்ணி எப்படி, சுட வச்சுக் குடிச்சீங்களா?" என்று கேட்டாள். அப்படிச் சின்னச் சின்னக் கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டு போகலாம் என்றுதான் பேச்சு. ஆனால் அந்த ஆடி மாதம், பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டும்போது அம்மாவின் முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகு மலைக்கோட்டையில் பாதிப் படிகூட அவளால் ஏற முடியவில்லை. பச்சைப் பை பரணுக்குப் போயிற்று.

எனக்கு இருபத்தைந்து வயதாகி, பெங்களூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, அம்மா என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் அந்தப் பொய்யை மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு எனக்கு வயிறே வலிக்கலைம்மா."

அம்மா நிமிரவில்லை. "தெரியும்டி. ஒண்ணுமில்ல, காலையில கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்ப ரயிலுக்கு நேரம் இருந்துச்சே?"

"இருந்துச்சு."

"பின்ன ஏம்மா போகலை?"

அம்மா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "வலி பொய்தான். ஆனா நீ என் துப்பட்டாவப் பிடிச்சுட்டு நடுங்கின பாரு, அது பொய்யில்ல. அடுத்த வருஷம் போயிக்கலாம்னு நினைச்சேன். வருஷம் அப்படி வரலை." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு குளியலறைச் செருப்பைத் தனிக் கவரில் போடச் சொன்னாள்.

அம்மா இறந்து நான்கு வருடமாகிறது. அத்தையும் இல்லை. காட்டூர் வீடு இருந்த இடத்தில் இன்று நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பழைய பேப்பர் கடை இருந்த முனையில் செல்போன் விற்கிறார்கள். அப்பா என்னுடன் இருக்கிறார். சென்ற மாதம் ஒருநாள்தான் எனக்கு உறைத்தது, அம்மா போக ஆசைப்பட்ட அந்த மலையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது வெறும் "இமயமலை". அப்பாவைக் கேட்டேன். "ஏதோ கணவாய்னு பேர் சொன்னா. நான்தான் சரியாக் காதுல வாங்கலை" என்றார்.

பாலக்கரைக்குப் போய் ஸ்டெல்லா மிஸ்ஸைப் பார்த்தேன். வெள்ளைத் தலையோடு, சன்னலோர நாற்காலியில் கையில் ஜெபமாலையுடன் உட்கார்ந்திருந்தார். "அம்மாவுக்கு இப்ப ஞாபகம் அவ்வளவா நிக்கறதில்லக்கா" என்று அவர் மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். நான் கமலாவின் மகள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகாமைப் பற்றிக் கேட்டேன். மலையின் பெயரைக் கேட்டேன். பெயர் வரவில்லை. ஆனால் கண்கள் பளிச்சிட்டன.

"உங்கம்மா என்னா நடை நடந்தா தெரியுமா? எல்லாருக்கும் முன்னாடி அவதான். பனியில கால் வைக்க நான் பயந்து நிக்கறேன், அவ பாட்டுக்குப் போயிட்டே இருக்கா. கமலா, நில்லுடின்னு கூப்பிடறேன், திரும்பிப் பார்த்துச் சிரிக்கறா, நிக்க மாட்டேங்கறா."

அவர் மகள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"மேல போனதும் என்ன தெரிஞ்சுது மிஸ்?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லா மிஸ் ஜெபமாலையை விரலில் உருட்டினார். "நான் எங்க மேல வரைக்கும் போனேன், எனக்கு மூச்சு முட்டிடுச்சு. உங்கம்மாதான் போனா" என்றார். "வீட்டுக்குப் போனதும் அவளைக் கேளு, சொல்லுவா."

சரி மிஸ், கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.