சுறா எண்ணெய்

போன கிழமை வாங்கிய பிக்கப் வளைவுகளில் தாறுமாறாக ஆடியது. அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், பிசுபிசுத்த விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"ரப்பர் புஷ் எல்லாம் தேஞ்சி போச்சு. சத்தம் கேக்காம இரிக்க சுறா எண்ணெய் பூசியிரிக்கானுகள்."

மீன் ஏற்றிய நாற்றமென்று நினைத்திருந்தேன். கல்குடாவில் தோணிக்குப் பூசும் அந்த எண்ணெயைத்தான் அப்பாவும் எங்கள் பழைய பிக்கப்பை விற்ற அன்று ஸ்பிரிங் தகடுகளில் பூசினார். வண்டி துள்ளாதிருக்க நெல்மூட்டைகள், அவற்றின்மேல் பிள்ளைகள் நாங்கள் மூவர். எனக்கு வாந்தி வந்தது.

"பல்லக் காட்டுங்க," என்று அப்பா எங்களிடம் உறுமிவிட்டு, வாங்க வந்தவரிடம், "என்ட புள்ளையள ஏத்திக்கிட்டுத்தானே திரியிறன், பயப்பிடாம கொண்டு போங்க" என்றார்.

எனக்கு விற்றவனும் மூட்டைகளின்மேல் மகளை இருத்தித்தான் ஓட்டிக்காட்டினான். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் வாங்கினேன். நான்! தூ!