கண்ணாடியில் மாட்டிய போன்

காதோரம் கத்தரி இரண்டு தடவை சும்மா காற்றை வெட்டினால், பாப்போம் அண்ணன் யோசிக்கிறார் என்று அர்த்தம். நாற்காலியில் இருப்பவருக்கு அது தெரியாது. டிக் டிக்கென்று சத்தம் கேட்கிறதே, முடி குறைகிறது என்று நம்பிக் கண்ணை மூடியிருப்பார். அரை மணி நேரம் முடி வெட்டினால் பத்து நிமிடம் காற்றுக்கு, மிச்சம்தான் தலைக்கு.

அவருக்கு வேறு பெயர் உண்டு. கடைப் பலகையில்கூட எழுதியிருக்கிறது, யாரும் படித்ததில்லை. "சைடுல இன்னும் கொஞ்சம் எடுக்கலாமாண்ணே?" என்றால் "பாப்போம்." நாளைக்குக் கடை உண்டா என்றால் "பாப்போம்." மீசையை எடுத்துவிடலாமா என்று அவரிடம் போய் யோசனை கேட்ட மருந்துக்கடைக்காரர் நாலு மாதமாக அதே மீசையோடுதான் மாத்திரை விற்கிறார்.

கடையில் ஒரே நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரை அடைத்த கண்ணாடி. கடிகாரம் எதிர்ச்சுவரில் இருப்பதால் அண்ணன் அதை எப்போதும் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறார், இடவலம் மாறிய நேரம். கண்ணாடியில் ஏழே முக்கால் என்றால் நிஜத்தில் நாலே கால். பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்து சேரும் நேரம் அது. இருபது வருடப் பழக்கத்தில் அவருக்கு நேரான கடிகாரம்தான் குழப்பும்.

வருகிறவர்கள் போர்த்திய துணிக்கு அடியிலும் போனை விடுவதில்லை. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து வெளிச்சம் தெரியும், வயிற்றில் பல்பு எரிகிற மாதிரி. "முன்னெல்லாம் பின்கழுத்து வழிக்க, கொஞ்சம் குனிங்கன்னு கெஞ்சுவேன். இப்ப நிமிருங்கன்னு கெஞ்சறேன்" என்பார். அவர் போன் மட்டும் என்ன யோக்கியம்? காது வைக்கும் ஓட்டையில் ஊர் முடியெல்லாம் அடைந்து கிடக்கிறது. யார் பேசினாலும் கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோலக் கேட்கும். "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவார். துடைத்ததே கிடையாது.

அந்த போனுக்குக் கடையில் வேறு உத்தியோகம். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போட்டு அதில்தான் சின்னப் பிள்ளைகளை ஏற்றுவார். பலகைக்கு நேர் எதிரே, பிள்ளையின் கண் உயரத்தில், பைக்கில் மாட்டுகிற போன் ஹோல்டர் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் திருகி வைத்திருக்கிறார். கத்தரியைக் கண்டதும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அலறுகிற பிள்ளை, கார்ட்டூன் ஓட ஆரம்பித்தால் சிலை. இந்த உபாயம் வந்த பிறகு ஒரு காதில்கூடக் கீறல் விழுந்ததில்லை என்பது அவர் பெருமை. மூன்று தெரு தள்ளியிருக்கும் தாய்மார்கள்கூடத் தேடி வருகிறார்கள். தினம் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்த போனைப் பார்க்கின்றன. அதைத் தொடவே கூடாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மகள்.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. இந்த வருடம் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறினாள். தனியாக பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, கடைக்கு நடந்து வரவேண்டும். முதல் நாளே ஒரு போன் கேட்டாள். அண்ணன் பாப்போம் என்றார். அன்றிலிருந்து நாற்காலியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், கழுத்தில் துணியைக் கட்டியதும் ஒரே கேள்வி: "உங்க புள்ளைக்கு எந்த வயசுல போன் குடுத்தீங்க?" லாரிக்காரர் ஒன்பது என்றார். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர், பதினெட்டுக்கு முன்னால் கொடுத்தால் பிள்ளை உருப்படாது என்றார். அவர் மகனிடம் இரண்டு இருக்கிறது. கொடுக்காமல் விட்டால் பக்கத்து வீட்டு போனைப் பார்க்கும் என்று ஒருவர், கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கே போகாது என்று ஒருவர். எல்லாருக்கும் அண்ணன் தலையாட்டினார். கடைசியாக முடி வெட்டிக்கொண்டவர் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். லாரிக்காரர் எழுந்து, அப்பா துணியை உதறும் நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுப்பாள். அதற்குள் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார்.

மனைவிக்குத் தையல் கம்பெனியில் வேலை. வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். அவள் ஒரே தடவைதான் சொன்னாள்: "குடுக்கறதுன்னா குடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. புள்ளைய ஊஞ்சல்ல வெச்சு ஆட்டாதீங்க." இப்போதைக்கு அவசரம் என்றால் யாரிடமாவது கேட்டு அப்பாவைக் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அவர் நம்பரின் பத்து இலக்கத்தையும் மகள் தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

அன்றைக்குப் பலகையில் இருந்தவனுக்கு நாலு வயது. அம்மா பெஞ்சில் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் ரீங்காரம் ஒரு பக்கம், போனுக்குள் யானையை நரி துரத்துகிற கூச்சல் ஒரு பக்கம். யானை மேல் திடீரென்று யாருடையதென்று தெரியாத ஒரு நம்பர் வந்து உட்கார்ந்தது. பையன் துணிக்குள்ளிருந்து கையை நீட்டி, கட்டைவிரலால் ஒரே தள்ளு. நம்பர் போயே போச்சு. அண்ணன் அசந்துவிட்டார். "பாருங்கம்மா, என்ன வேகம்! எனக்கெல்லாம் ரெண்டு தடவை தேய்ச்சாதான் நகரும்." அம்மாவுக்கு முகமெல்லாம் பல். மறுபடி அதே நம்பர். "கடன் வேணுமான்னு கேக்கறவனா இருக்கும், வெட்டி விடுடா ராஜா" என்றார். மூன்றாவது தடவை வந்தபோது அவனும் அண்ணனும் சேர்ந்தே சிரித்தார்கள்.

ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வரும்போது கண்ணாடியைப் பார்த்தார். ஏழே கால். அவருடைய கணக்கில் நாலே முக்கால். பெஞ்சில் மகளுடைய பை இல்லை.

போனை எடுக்கக் கையை வைத்தார், பையன் வீறிட்டான். கையை எடுத்துவிட்டார். "இதோ வந்துடறேம்மா" என்று பாதித் தலையை அப்படியே விட்டுவிட்டு, காதில் சொருகிய சீப்போடு ஓடினார். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். மத்தியானத்திலிருந்து பஸ்ஸெல்லாம் பாலம் சுற்றிப் போகிறது என்று ஆட்டோக்காரர் சொன்னார். பாலத்துக்கு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பெண்ணிடம் யூனிபார்ம் போட்ட பிள்ளை யாராவது வந்ததா என்று கேட்டார்.

"வந்துச்சே. எங்கிட்டதான் போன் வாங்கிச்சு. மூணு தடவை அடிச்சுது, யாரோ எடுக்காம கட் பண்ணிக்கிட்டே இருக்காங்க. ராங் நம்பரா இருக்கும்மா, சரியாப் பாருன்னேன். இல்லக்கா, இது எங்க அப்பா நம்பர்தான், எங்க அப்பா நம்பர்தான்னே சொல்லிச்சு. அப்புறம் வழி கேட்டுக்கிட்டு நடந்து போயிடுச்சு. நீங்க அதுக்கு அப்பாங்களா?"

பாப்போம் அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலி. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கடையில் அந்தப் பையனின் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். பாதி மொட்டை மாதிரியும் பாதி புதர் மாதிரியும் பையன் இன்னும் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சின் ஓரத்தில் மகள் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கால் முழுக்கப் புழுதி. அண்ணன் காதிலிருந்து சீப்பை எடுத்தார். அவளே சொன்னாள்: "பரவால்லப்பா. கஸ்டமர் இருந்திருப்பாங்க."

திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தரி காற்றை எத்தனை தடவை வெட்டியது என்று யாரும் எண்ணவில்லை. அந்தப் பையனுடைய வலது பக்கத்துக்கும் இடது பக்கத்துக்கும் ஒரு விரற்கடை வித்தியாசத்தோடு வேலை முடிந்தது.

ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார், தான் சிரித்ததைத் தவிர. நாளைக்கே ஒரு போன் வாங்கிவிடலாம் என்றார். "வாங்கலாம். அவகிட்ட சொந்தமா போன் இருந்தாலும் உங்க போனுக்குத்தான கூப்பிட்டிருப்பா?" என்றாள் அவள். அப்படியானால் வேண்டாமா என்றார். "வேண்டாம்னு நான் சொன்னேனா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதற்குத்தானா கல்யாணம் செய்துகொண்டோம் என்று அண்ணன் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். அவளிடம் போன் இருந்திருந்தால் திரையில் மகளுடைய பெயர் வந்திருக்கும், பெயரைப் பார்த்திருந்தால் எடுத்திருப்போம். ஆனால் தள்ளினது அந்தப் பையன். அவனுக்கு இன்னும் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. அங்கே வந்து யோசனை முட்டி நின்றது, இன்றுவரை அங்கேயேதான் நிற்கிறது.

இது நடந்து மூன்று வாரம். நாற்காலியில் ஏறுகிறவர்களிடம் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. லாரிக்காரரே "என்னண்ணே, பாப்பாவுக்கு என்ன முடிவு?" என்று கேட்டுப் பார்த்தார். அண்ணன் அவர் தலையைக் குனிய வைத்துவிட்டார். ஹோல்டர் இன்னும் கண்ணாடியில்தான் இருக்கிறது, கார்ட்டூனும் ஓடுகிறது. ஆனால் கண்ணாடிக்குள் எட்டு மணி ஆனால், அதாவது நிஜத்தில் நாலு மணிக்கு, எந்தப் பிள்ளை எப்படி அலறினாலும் போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். இடது கை பையின் மேல் இருக்கும், அதிர்கிறதா என்று. சீப்பைப் பிடிக்க ஆளில்லை. ஊருக்குள் கோணல் தலையோடு ஒரு பிள்ளை எதிரே வந்தால், அது நாலு மணிக்கு வெட்டிய தலை.

நேற்று பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. நாலு பத்துக்கே மகள் உள்ளே வந்து பையைப் பெஞ்சில் வைத்தாள். சட்டைப் பையின் மேலிருந்து இடது கை இறங்கியது. பலகையில் யாரும் இல்லை, பெஞ்சிலும் யாரும் இல்லை. கடைசியாக வெட்டிக்கொண்டவர் போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

"அப்பா, அந்த போன் விஷயம்?" என்றாள்.

கத்தரி காதில்லாத காற்றில் இரண்டு தடவை டிக் டிக் என்றது. "பாப்" வரைக்கும் வந்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பையிலிருந்த போனை எடுத்தார். மகள் கை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். கழுத்து முடி தட்டுகிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, காது வைக்கிற அந்தச் சின்ன ஓட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே அடைந்திருந்த முடியை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க ஆரம்பித்தார்.