முதலில் நலம் என்பார்கள்

2009இல் லண்டனில், குரோய்டனில் ஓர் அகதி விசாரணை. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

"தொடக்கத்தில் வீட்டில் எல்லோரும் நலம் என்றீர்கள். இப்போது கணவரையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டார்கள் என்கிறீர்கள். எது உண்மை?"

எதிரில் இருந்த கொங்கோப் பெண்ணிடம் இதைச் சுவாகிலியில் சொல்லவேண்டிய இன்டர்பிரெட்டர் நான்.

யாழ்ப்பாணத்தானுக்கு ஏது சுவாகிலி என்று எல்லோரும் கேட்பார்கள். தான்சானியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் ஆங்கிலம். வாசலைத் தாண்டினால் தக்காளி வாங்கவும் பஸ்ஸில் சண்டை பிடிக்கவும் சுவாகிலிதான். கென்யா, உகாண்டா, கிழக்குக் கொங்கோ வரை அது ஓடும். அவரவர் வீட்டு மொழி வேறு. பக்கத்து ஊர்க்காரனோடு பேச எல்லோருக்கும் பொதுவாக இது. மொழி மாதிரியே சில முறைகளும் அங்கே பொது.

அதிகாரி கெட்டவர் அல்ல. அந்தப் பெண்ணின் பயத்தைப் போக்கத்தான், "வீட்டில் எல்லோரும் எப்படி?" என்று தொடங்கினார். அந்தப் பெண் "முசூரி" என்றார். நலம் என்று நானும் சொன்னேன்.

அந்தப் பக்கங்களில் செத்த வீட்டு வாசலில் நின்று விசாரித்தாலும் முதலில் நலம் என்பார்கள். பிறகுதான் மூச்சு விட்டு, 'ஆனால்' என்பார்கள். எடுத்த எடுப்பில் துக்கத்தைக் கொட்டுவது மரியாதையில்லை. இங்கே அந்த 'ஆனால்' வருமுன் அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எங்கள் தொழிலில் சொந்தமாக எதுவும் பேசக்கூடாது. பேசாமல் இருந்தாலோ இந்த மனுசி பொய்க்காரி ஆகிவிடுவார். அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையை உயர்த்தி, இது இன்டர்பிரெட்டரின் சொந்தப் பேச்சு என்று சொல்லி, முறையை விளக்கினேன். அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"உங்களை நான் கேட்கவில்லையே. சரி, நேராகவே கேளுங்கள். குடும்பத்தில் உயிரோடு இருப்பது யார்?"

கேட்டேன். அந்தப் பெண் என்னையே பார்த்தார். மெல்லச் சொன்னார். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும், அது விதி.

"எனக்கு ஒருவரும் இல்லை. நான்தான் மிச்சம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது.

பின்னேரம் எனக்கு வேலை தருகிற ஏஜென்சியிலிருந்து சுகந்தி போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கட வேலை மொழிபெயர்க்கிறது. வழக்காடுறது இல்லை. அந்த அதிகாரியிட்ட இருந்து முறைப்பாடு வந்திருக்கு."

"ஓம் பிள்ளை, விளங்குது. ஆனா வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாமப் போச்சு."

"சுவாகிலிக்கு வேற ஆளைப் பாக்கிறன். உங்களைத் தமிழுக்கு மட்டும் போடுறன்."

"போடுங்கோ."

சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சொற்களை அகராதியில் தேடிக்கொள்ளலாம். ஒரு ஊரில் துக்கத்தை எப்படித் தொடங்குவார்கள் என்பதை அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டு வைத்திருங்கள். அந்தப் பெண்ணுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. முடிவை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சுகந்தி சொன்னபடியே செய்தாள். ஊரில் போர் முடிந்த அந்த வருஷம் தமிழ் வேலை ஓயாமல் வந்தது. குடும்பத்தில் உயிரோடு இருப்பது யார் என்று எங்கள் சனத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.