தீவு வீட்டுக்குச் சாமான்

எனக்குக் கல்யாணம் ஆனது ஐம்பதுகளின் கடைசியில். அவருக்கு அந்தமானில் கம்பவுண்டர் வேலை. அந்தமான் என்றதும் எல்லோரும் நினைக்கிற பெரிய ஊர் இல்லை. மெட்ராஸில் கப்பலேறி, நாள் கணக்கில் கடலிலேயே கிடந்து, போர்ட் பிளேரில் இறங்கி, அங்கே இன்னொரு சின்னக் கப்பலுக்குக் காத்திருந்து போக வேண்டிய ஒரு தீவு. ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மரம் அறுக்கிற இடம், தென்னந்தோப்பு, அதற்கப்புறம் காடு. ஒரே ஒரு கடை. அதில் அரிசி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, கருவாடு இருக்கும். வேறு எது வேண்டுமானாலும் இங்கிருந்துதான் கொண்டு போக வேண்டும்.

எங்கள் அப்பாவுக்குக் கிளியனூரில் நிலம். மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் போடுவார். நான் கடலைப் பார்த்ததே கோட்டக்குப்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு தடவைதான். "தண்ணி தாண்டியா பொண்ணக் குடுக்கற?" என்று உறவுக்காரர்கள் அப்பாவைக் கேட்டார்கள். அவருக்கும் உள்ளுக்குள் அந்தக் கவலைதான். எனக்கு மட்டும் அது இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை எங்கள் அண்ணனிடம் தீவில் தான் இருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். மரக்கால் நட்டு அதன் மேல் கட்டிய வீடாம். தரையும் பலகை, சுவரும் பலகை, மேலே தகரம். படியேறித்தான் உள்ளே போக வேண்டுமாம். அதைக் கேட்டபோதே எனக்கு அந்தப் படியில் ஏறிப் பார்க்க வேண்டும் போலாகிவிட்டது.

லீவில் வந்தவர் கல்யாணம் முடிந்த மறுவாரமே என்னைத் திண்டிவனத்துக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போனார். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்பார், நான் ஒன்றைக் காட்டுவேன், அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரும்பு வாணாம். உப்புக்காத்து தின்னுப்புடும்" என்பார். இப்படியே இரும்பு வாளி, இரும்பு வாணலி, தகர டப்பா எல்லாம் போயின. டிரங்குப் பெட்டியைக்கூட வேண்டாம் என்று மரப்பெட்டி வாங்கினார். பித்தளையில் தவலை, ஈயம் பூசிய இரண்டு பாத்திரம், வெண்கலப் பானை, மரக்கரண்டி. கொசுவலை ஒன்று, பெரிதாக. அதைக் கடைக்காரர் விரித்துக் காட்டியபோது எனக்கு வெட்கமாகப் போய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மிக்குத்தான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம்.

"கல்லக் கட்டிக்கினு கப்பல் ஏறுவாங்களா யாராச்சும்?"

"ஏன், அங்க எப்படி அரைக்கிறாங்க?"

"நான் எங்க அரைச்சேன்? மொளகாத் தூள்தான்."

"அந்தத் தீவுல கல்லே இல்லியா?"

"கல்லு இருக்குது. கொத்திக் குடுக்க ஆளு இல்ல."

"அப்ப இங்கிருந்துதான் போவணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். திண்டிவனத்துக்கு வெளியே கல் கொத்துகிறவர்கள் இருந்த இடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், கையால் தடவிப் பார்த்து நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பலகைத் தரையில் அதை எங்கே போடுவது என்பது அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தோன்றியது. "வூட்டுக்கு அடியில போட்டுடலாம். தரைக்கும் பலகைக்கும் நடுவுல ஆள் உக்கார எடம் இருக்குது. மழை பேஞ்சாலும் நனையாது" என்றார். மழை பெய்யும்போது நான் வீட்டுக்கடியில் உட்கார்ந்து தேங்காய் அரைப்பதாகவும், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நனைந்துகொண்டு வருவதாகவும் அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

சாமான் எல்லாம் கிளியனூரில் அப்பா வீட்டுக் கூடத்தில் சேர்ந்தன. அவருடைய லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது எனக்கு வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூட நிற்கவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கப்பல் பயணம் கூடவே கூடாது என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் சாமான்களுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்து அழுதேன்.

"நீ வர்றதுக்குள்ள வூட்ட நேர் பண்ணி வைக்கிறேன். சாமான் முன்னாடி போவட்டும்" என்றார் அவர். திண்டிவனம் ஸ்டேஷனில் நானும் போய் நின்றேன். மரப்பெட்டி, சாக்கில் கட்டிய பாத்திரங்கள், சுருட்டிய பாய்கள், கொசுவலை, அம்மி. தூக்கிய கூலியாள், "இன்னாம்மா இது, மலையப் பேத்துக்கினு வந்துட்டியா?" என்றார். ரயில் கிளம்பியதும் அவர் கையசைத்தார். நான் அவரைப் பார்த்தேனா சாமான்களைப் பார்த்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் குடித்தனம் என்னை விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் இருந்தது.

மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதும் போவதென்று இருந்தோம். அதற்குள் மாமனார் கழனியில் விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூரில் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

அங்கே எனக்கு வேலைக்குக் குறைவில்லை. மாமாவைக் குளிப்பாட்ட, ஊட்ட, கழனி ஆட்களுக்குக் கூழ் ஊற்ற, குழந்தையைப் பார்க்க. ஆனால் மனசு எந்நேரமும் அந்தப் பலகை வீட்டில்தான் இருந்தது. இங்கே வானம் கறுத்தால், அங்கே ஜன்னலைச் சாத்தினாரோ என்னவோ என்று நினைப்பேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பாரா, பச்சை பிடிக்க விட்டிருப்பாரா? அவர் கடிதாசியில், எறும்புக்காக அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பதாக எழுதினார். அலமாரியே எனக்குப் புதிது. அவரே மரம் வாங்கிச் செய்ததாம். அதை அடுப்பங்கரையில் கிழக்குப் பக்கமாக வைக்கச் சொல்லிப் பதில் எழுதினேன். கிழக்கே ஜன்னல் இருக்கிறது, எங்கே வைப்பது என்று அவர் கேட்டிருந்தார். மறு கப்பலுக்கு அந்தப் பதில் வந்தபோதுதான், எனக்கு அந்த வீட்டில் திசைகூடத் தெரியாது என்று உறைத்தது.

அடுத்த லீவில் அவர் வந்தபோது மகள் அவரைப் பார்த்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். கறுத்து, இளைத்து வந்திருந்தார். அறுவடை முடிந்து களம் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் மாமாவின் கட்டிலைக் களத்தோரம் காற்றுக்காகப் போட்டிருந்தோம். நான் மறுபடியும் அந்த ஜன்னல் எங்கே என்று கேட்டேன். அவர் வாயால் சொல்லிப் பார்த்தார், எனக்குப் பிடிபடவில்லை. உடனே எழுந்து போய்ச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்தார். அடியெடுத்து அளந்து அளந்து, சாணம் மெழுகிய களத்தில் கோடு இழுத்தார். நிஜ வீடு எவ்வளவோ அவ்வளவு பெரிதாக.

"இது படி. ஏறி வா."

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்து உள்ளே போனேன்.

"இது கூடம். இங்கதான் மரப்பெட்டி இருக்குது. இது படுக்கற எடம். கொசுவல இங்கேருந்து இதுவரைக்கும்."

நான் அடுப்பங்கரைக்குப் போகக் குறுக்கே நடந்தேன்.

"ஏய், அது சொவரு! வாசல் இந்தப் பக்கம்."

திரும்பி வாசல் வழியாகப் போனேன். அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தவலை. கிழக்கே ஜன்னல். "இங்க நின்னு பாத்தா இன்னா தெரியும்?" என்றேன். "தென்ன மரம். அதுக்குப் பின்னால தண்ணி" என்றார். எதிரே திருவாமாத்தூர்க் கழனிகளும் வைக்கோல் போரும் இருந்தன. நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாமா, வாய் குழறக் குழறக் கேட்டார்: "எனக்கு எங்கடா கட்டிலு?"

வாதம் வந்தவரை அத்தனை கடல் தாண்டிக் கூட்டிப் போக முடியாது என்று மூன்று பேருக்குமே தெரியும். என் வீட்டுக்காரர் மறுபடியும் சுண்ணாம்பை எடுத்து, கூடத்தில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் அளவுக்குக் கோடு போட்டார். "இங்க. காத்து நல்லா வரும்பா." மாமா தலையை ஆட்டினார். "கொழந்த படியில விழுந்துடப் போவுது. தடுப்பு ஒண்ணு அடி" என்றார். படி வரைந்த இடத்தில் அவர் ஒரு தடுப்பும் வரைந்தார்.

அந்த லீவு முடிந்து அவர் போன பிறகு மாமா இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். நான் அவரைக் குறையில்லாமல்தான் பார்த்துக்கொண்டேன். கூழ் ஊட்டும்போது அவரே சில நாள், "பலகையில எறும்பு வருமே" என்று எங்கள் தீவு வீட்டைப் பற்றி ஆரம்பிப்பார். அவரோடு மட்டும்தான் நான் அந்த வீட்டைப் பற்றிப் பேச முடிந்தது. மாமா கண்ணை மூடியபோது அந்தப் பேச்சும் சேர்ந்து போயிற்று.

கப்பல் கிடைத்து என் வீட்டுக்காரர் வருவதற்குள் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. இனி போகலாம் என்று நான் மனசுக்குள் ஆயத்தமாகிவிட்டேன். மகளுக்கு இரண்டு சட்டை கூடத் தைத்து வைத்திருந்தேன். அவர் தோளில் ஒரு பையோடு மட்டும் வந்து இறங்கினார். சாப்பிட உட்கார்ந்ததும் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்:

"மாத்தல் ஆயிடுச்சு. திண்டிவனத்துக்கே. எத்தினி தடவ எழுதிப் போட்டேன் தெரியுமா? இனிமே நீ தனியா கஷ்டப்பட வாணாம்."

என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. "சாமான்லாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குப் பதிலா வந்தவருக்கே குடுத்துட்டேன். புதுசா கல்யாணம் ஆனவங்க. அந்தப் பொண்ணு வெறுங்கையோட வந்து நிக்குது. அம்மியப் பாத்ததும் அதுக்கு இன்னா சந்தோஷங்கற!"

"நல்லதுதான்" என்றேன். அவருக்குச் சோறு போட்டேன். அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் தொட்டியில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். யாரோ ஒரு பெண் என் ஜன்னலில் நிற்கிறாள். அவள் மேல் கோபம்கூட வரவில்லை. அவளாக நான் இருந்திருக்கலாமே என்றுதான் இருந்தது.

திண்டிவனத்தில் வாடகைக்கு ஓட்டு வீடு பிடித்தோம். சிமென்ட் தரை, பக்கத்திலேயே பஸ் சத்தம். பாத்திரம் மறுபடியும் வாங்கினோம். இந்தத் தடவை நான் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. இரும்பு, தகரம், எது கிடைத்ததோ அது.

குடிவந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்கார அம்மா முறம் இரவல் கேட்க வந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தமான்லேருந்து வந்தவங்களாமே? பயமா இல்லியா அங்கல்லாம் இருக்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

நான் போனதே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பயம் இன்னாக்கா? வூடு ஒசரத்துல இருக்கும். படியேறித்தான் போவணும். பலகைத் தரை, நடந்தா சத்தம் கேக்கும். கெழக்க ஜன்னலத் தெறந்தா தென்ன மரம், அதுக்குப் பின்னால தண்ணி. மழக்காலத்துல தகரத்துல வுழற சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது..." சொல்லிக்கொண்டே போனேன். அந்த அம்மா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டார்.

வாசலில் சைக்கிள் சத்தம் நின்று போனதை நான் கவனிக்கவே இல்லை. அந்த அம்மா போனதும் அவர் எண்ணெய்க் கையோடு உள்ளே வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அங்க வரணும்னா நெனச்சுக்கினு இருந்த?"

நான் களைந்த அரிசியை உலையில் போட்டேன்.

"உங்கப்பாவுக்கு இஷ்டம் இல்ல. நீயும் வாந்தி, கொழந்த, மாமான்னு ஒண்ணொண்ணா சொல்லிக்கினே இருந்த. சரி, கடலு தாண்ட பயப்படறா, வாய்விட்டுச் சொல்லமாட்டேங்கறான்னு நெனச்சேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் அந்த வூட்ட வுட்டு வர மனசே இல்ல. உனக்காகத்தான் எழுதிப் போட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்தது, அழுகையும்தான். திரும்ப அங்கேயே மாற்றல் கேட்டுப் பார்க்கலாமா என்று கொஞ்ச காலம் பேசினோம். மகளைப் பள்ளிக்கூடத்தில் போட்டோம். பையன் பிறந்தான். நாங்கள் போகவே இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மழை நின்ற பிறகு காடு எப்படி மணக்கும், ராத்திரியில் என்ன பறவை கத்தும், கப்பல் வருகிற அன்று தீவே எப்படிக் கரைக்கு ஓடிவரும் என்று. பேச்சில் உலையைக் கவனிக்கவில்லை, சோறு குழைந்துவிட்டது. அதிலேயே மோர் ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டோம்.