சூடாச் சாப்பிட்டாத்தான் ஒட்டும்

எங்க அக்கா சட்டைக் கம்பெனியில காலர் தைக்கிறவ. ஒரு நாளைக்கு நானூறு காலர். வீடு வரும்போதே இடுப்பு ஒடிஞ்சிருக்கும். வந்த கால்லயே அடுப்பைப் பத்தவைப்பா. எதிர்வீட்டுல இருந்துகிட்டு, பார்க்கிற எனக்கே அலுப்பா இருக்கும்.

அவ புருஷன், எங்க மாமா, லிஃப்ட் மெக்கானிக். கணையம் கெட்டுப்போச்சு. சாப்பாட்டைக் கரைக்கிற நொதி அங்கதான் சுரக்குதாம். அது வத்திப்போனா எதைத் தின்னாலும் உடம்புல சேராது. அறுபது கிலோ மனுஷன் நாற்பத்தாறுக்கு வந்துட்டார். "கணையத்துல ஒரு ஆபரேஷன் செய்யணும், நாற்பத்தஞ்சுக்குக் கீழ போனா தாங்கமாட்டார்"னு டாக்டர் சொல்லிட்டார். சாப்பாட்டோட விழுங்கச் சொல்லி நொதி மாத்திரை குடுத்தாங்க.

ஒவ்வொண்ணும் கொட்டைப்பாக்கு மாதிரி கேப்சூல். மாமாவுக்குத் தொண்டையில இறங்கல. அக்கா அதைப் பிரிச்சு, உள்ளே இருந்த குருணையைக் கரண்டியால நுணுக்கி, கொதிக்கிற சூப்புல கலந்து குடுத்தா. சூடாச் சாப்பிட்டாத்தான் உடம்புல ஒட்டும்ங்கிறது அவ கட்சி. மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு கிராம் ஏறல.

"என் கை விளங்காத கைடி"ன்னு புலம்புவா.

"ஆமா, நீ புலம்பினா ஏறிடும் பாரு. போய்ப் படுக்கா"ன்னு எரிஞ்சு விழுவேன். எனக்கும் பயம்தான்.

எடை நாற்பத்தஞ்சே காலுக்கு வந்த அன்னைக்கு, ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற அம்மா, "எப்படிக் குடுக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. அக்கா பெருமையாச் சொன்னா.

"ஐயையோ! நுணுக்கினா மேல்பூச்சு போயி, வயித்து அமிலமே அதை அழிச்சிடும். சூட்டுல போட்டா மிச்சமும் போச்சு. குருணையை அப்படியே ஆறின பழக்கூழ்ல போட்டு, மெல்லாம விழுங்கச் சொல்லுங்கம்மா."

அக்கா வீடு வந்ததும் சூப்புச் சட்டியைக் கவுத்துட்டு, பழத்தை மசிக்க உக்காந்தா. எனக்கு அவளைத் திட்டவும் மனசு வரல.

மூணு வாரம் கழிச்சுப் போனோம். நர்ஸ் எடை மெஷின் முள்ளைப் பார்த்து, "ஒன்றரை கிலோ ஏறியிருக்கு!"ன்னாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா பெஞ்சுல உக்காந்து முந்தானையை வாயில அடைச்சுகிட்டு அழுதா.

"என் கையாலயே மூணு மாசம் பட்டினி போட்டிருக்கேனே!"

மாமா எடை மெஷின்ல இருந்து மெதுவா இறங்கினார். அவளைப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பினார்.

"அழுதது போதும், வா. வீட்டுக்குப் போய் ஏதாவது ஆக்கு. எனக்குப் பசிக்குது."

ஒரு வருஷமா அந்த வார்த்தை அவர் வாயில வந்ததே இல்ல.